வாடைக்கு ஒரு கடல், கச்சானுக்கு ஒரு கடல்: நீண்ட பணிவாழ்வு என்றால் என்ன?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போடுவது, ஜெராக்ஸ், பாஸ்போர்ட் பதிவு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணம் கேட்டு மனு போடுவது என்று நாள் ஓடும். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி மனிதர்களின் எல்லா வயதையும் பார்த்துவிடலாம். காலையில் ப்ளஸ் டூ முடித்த பையன் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய வருவான். பத்து மணிக்கு இருபத்தெட்டு வயதுக்காரர் சவூதி போக பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வருவார். மதியம், திருப்பூர் வேலையை விட்டு வந்தவர் பி.எஃப். பணம் எப்போது வரும் என்று கேட்பார். சாயங்காலம் ஐம்பத்தெட்டு முடிந்த ஒருவர் பென்ஷன் படிவத்தை நீட்டுவார்.

நான்கு பேர் வாயிலும் வரும் ஒரே சொல் 'செட்டில்'. "எந்த கோர்ஸ்ல சேத்தா பையன் செட்டில் ஆவான்?" என்று அப்பா கேட்பார். "மாப்பிள்ளை செட்டில் ஆயிட்டாரா?" என்று பெண் வீட்டார் விசாரிப்பார்கள். "இத்தனை வருஷம் ஆகியும் செட்டில் ஆகலையே தம்பி" என்று நாற்பது வயதுக்காரர் வருத்தப்படுவார். ஒரு நாள், ஒரு ஆர்டர், ஒரு கையெழுத்து, அதோடு வேலை பற்றிய கவலை தீர்ந்தது என்பதுதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் நினைப்பு. இந்த நினைப்பு தப்பு. பதினேழு வயதில் எடுக்கும் ஒரு முடிவு அறுபது வரைக்கும் தாங்காது. தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் அந்தப் பதினேழு வயதுப் பையன் மேல் அவ்வளவு பாரம் விழுகிறது.

பணிவாழ்வு என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் அடிக்கடி பயன்படுத்துவேன். முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து உழைப்பை நிறுத்தும் நாள் வரை ஒருவர் செய்யும் எல்லா வேலையும், நடுவில் வரும் இடைவெளிகளும் சேர்ந்ததுதான் பணிவாழ்வு. வேலை அதில் ஒரு துண்டு.

ஒரு படகு, இரண்டு கடல்

பாம்பன் பாலத்தில் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்களுக்கு அது வடகடல், இது தென்கடல். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று பிடித்தால் வடகடல் கொந்தளிக்கும். அதே நேரத்தில் தென்கடல் ஓரளவு அமைதியாகக் கிடக்கும். வைகாசி, ஆனியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஏறினால் கதை தலைகீழ். தென்கடலில் அலை எழும்பும், வடகடல் அடங்கும். இந்தக் கரையின் நாட்டுப்படகுக்காரர்கள் பலர் காற்று மாறும்போது படகை அடுத்த கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இதில் என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று கவனியுங்கள். ஆழம் வேறு, நீரோட்டம் வேறு, கிடைக்கும் மீன் வேறு, சில சமயம் வலையே வேறு. ஆனால் படகு அதே படகு. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் இருக்கிறதா என்று சொல்லும் கண் அதே கண். ஏலம் எடுக்கும் வியாபாரி இவர் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையும் கூடவே வருகிறது. யாரும் அவரைப் பார்த்து "ஒரு கடல்ல நிலையா இருக்க மாட்டேங்கிறானே" என்று சொல்வதில்லை. ஒரே கடலில் இருப்பேன் என்று வாடையில் வடகடலுக்குள் இறங்குபவரைத்தான் ஊர் திட்டும்.

இன்னொன்றும் உண்டு. காற்று முழுதாகத் திரும்பிய பிறகு யாரும் தயாராவதில்லை. திரும்பப் போகிறது என்று தெரியும்போதே அந்தக் கரையில் படகு நிறுத்த இடம், தங்க ஒரு குடிசை, கடன் கொடுக்கும் ஒரு கடை எல்லாவற்றையும் பார்த்து வைத்துவிடுவார்கள்.

பணிவாழ்வைத் திட்டமிடுவது என்பதும் இவ்வளவுதான். எந்த வயதில் எந்தக் காற்று வரும் என்று தெரிந்து, அடுத்த கரையில் முன்கூட்டியே இடம் பார்த்து வைப்பது.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டியிருக்கிறது

நாடு விடுதலை அடைந்த காலத்தில் பிறந்த இந்தியக் குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. அதில் சிறு குழந்தைகளின் இறப்பு நிறைய. அதனால் எல்லோரும் முப்பத்திரண்டில் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. இன்று அந்தச் சராசரி 70-ஐ ஒட்டி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயதையே பாருங்கள். 58 ஆக இருந்தது 2020-ல் 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. இருபத்திரண்டில் வேலைக்குப் போகும் ஒருவருக்கு முன்னால் கிட்டத்தட்ட நாற்பது வருடம் கிடக்கிறது.

நாற்பது வருடம் என்றால் எவ்வளவு என்பதை என் கடையை வைத்தே சொல்கிறேன். நான் தொடங்கியது மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், ராத்திரி பத்து மணிக்கு மேல் கட்டணம் குறையும் என்பதால் அந்த நேரத்தில் வரிசை. சவூதிக்கும் துபாய்க்கும் பேச வரும் அம்மாக்கள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே அழுவார்கள், மீட்டரைப் பார்த்துக்கொண்டே சிரிப்பார்கள். தொழில் நன்றாகப் போனது என்று கடன் வாங்கி இரண்டாவது பூத் போட்டேன். அடுத்த இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வீடு செல்போன் வந்தது. கடனைக் கட்டி முடிக்கும் முன்பே அந்தக் கண்ணாடிக் கதவைக் கழற்றி விற்றேன். அப்புறம் பிரௌசிங் சென்டர். கையிலேயே இன்டர்நெட் வந்ததும் அதுவும் படுத்தது. இப்போது விண்ணப்பக் கடை. இதுவும் எத்தனை நாளைக்கு என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களுக்குள் இருக்கும் சரக்கு

இனி பணிவாழ்வு உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ஒருவர் உழைத்துச் சம்பாதிக்கக் காரணமாக அவருக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் (படிப்பு, கைப்பழக்கம், அனுபவம், உடல்நலம்) சேர்த்துப் பொருளியலில் மனித மூலதனம் என்று பெயர். 1960-களில் தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் இந்தக் கருத்தைப் பரவலாக்கினார்கள். மனிதனைப் போய் மூலதனம் என்று சொல்வதா என்று அப்போது சிலர் முகம் சுளித்தார்கள். பிற்பாடு இருவருக்குமே நோபல் பரிசு கிடைத்தது.

மூலதனம் என்று ஏன் சொன்னார்கள்? படகு வாங்குவதற்குப் பணம் போடுகிறோம், அது பல வருடம் திருப்பித் தருகிறது. கற்றுக்கொள்வதும் அப்படித்தான். இன்றைக்கு நேரமும் பணமும் போகிறது, பின்னால் பல வருடம் திருப்பித் தருகிறது. படகைப் போலவே இதற்கும் தேய்மானம் உண்டு. தேய்மானம் என்றால், காலம் போகப் போக ஒரு சரக்கின் பயனும் விலையும் குறைந்துகொண்டே வருவது.

தேய்மானம் இரண்டு வழியாக வரும். ஒன்று உடல் வழி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்களைப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் மூச்சு நிற்கும், காது தாங்கும். ஐம்பதில் அதே ஆழம் போக முடியாது. தொழில் மாறவில்லை, உடல் மாறிவிட்டது. இரண்டாவது, தொழில் வழி. மரத்தில் வல்லம் என்ற படகு கட்டத் தெரிந்த ஆசாரிக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும். ஃபைபர் படகு வந்ததும் அவரைக் கூப்பிடுவது குறைந்துபோகும். என் பூத்துக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை.

உடல் தேய்வது முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். தொழில் தேய்வது அப்படியில்லை. நன்றாக ஓடுகிற நேரத்திலேயே அடியில் ஓட்டை விழுந்திருக்கும். வருமானம் உச்சத்தில் இருக்கும்போதுதான் நான் இரண்டாவது பூத் போட்டேன் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால் இப்படி வரும்: பணிவாழ்வு என்பது நீளமான ஓட்டம், அதை ஓட்டுவது நமக்குள் இருக்கும் மனித மூலதனம், அது தேயும். தேய்வதற்கு முன் அதைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது வேறு ஒன்றாக மாற்ற வேண்டும்.

எதைத் தூக்கிக்கொண்டு போகலாம்

பூத் போனபோது என்னிடம் மிஞ்சியது என்ன? மீட்டர் இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டு விஷயத்தை வாங்கத் தெரியும். கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு ஒருவர் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார் என்றால், அந்த நம்பிக்கை பூத் காலத்தில் சேர்த்தது.

ஒரு வேலையில் பழகி இன்னொரு வேலைக்கும் எடுத்துச் செல்லக்கூடியதை 'கடத்தத்தக்க திறன்' என்பார்கள். மற்றது அந்த ஒரு வேலைக்கே உரிய திறன். அந்த வேலை போனால் அதுவும் போய்விடும். எல்லா வேலையிலும் இரண்டும் கலந்துதான் இருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். காரணம், நாம் நம்மைப் பதவிப் பெயரால்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

கீழக்கரையைச் சேர்ந்த ஒரு காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) சவூதியின் தம்மாமில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு வந்திருந்தார். சபுராளிகள், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள், திரும்பி வந்ததும் செய்ய நினைக்கும் வழக்கமான காரியம்தான் அவர் மனதிலும் இருந்தது. ஒரு கடை போட வேண்டும். என்ன கடை என்றால் தெரியவில்லை. "நமக்கு என்ன தெரியும் தம்பி, ஸ்டோருல சாமான் எண்ணிக்கிட்டு இருந்தோம்" என்றார்.

"அங்க காலைல போனதும் முதல்ல என்ன செய்வீங்க காக்கா?" என்று கேட்டேன்.

சொல்ல ஆரம்பித்தார். கண்டெய்னர் வந்தால் சீல் பார்ப்பது, பட்டியலோடு ஒப்பிடுவது, முதலில் வந்த சரக்கை முதலில் வெளியே அனுப்புவது, காலாவதி தேதி வாரியாக அடுக்குவது, மாதக் கடைசியில் கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போகச் செய்வது, மூன்று மொழி பேசும் ஆட்களிடம் வேலை வாங்குவது. நான் ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. அவர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் குளிர்பதனக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். கடை போட வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது.

ராமநாதபுரத்துக்காரன் இதை எழுதும்போது அப்துல் கலாமைச் சொல்லாமல் விட்டால் ஊரில் நடமாட முடியாது. ஆனால் எல்லோரும் சொல்லும் பேப்பர் போட்ட கதையை விட்டுவிடுகிறேன். அவர் விமானப்படை விமானியாக ஆசைப்பட்டு, எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்தவர். 1958-ல் பாதுகாப்பு ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1960-களில் விண்வெளி ஆராய்ச்சிக்குப் போனார். 1979-ல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது, 1980-ல் அதே ராக்கெட் வென்றது. 1982-ல், ஐம்பது வயதைத் தாண்டும் நேரத்தில், மறுபடி பாதுகாப்பு ஆராய்ச்சிக்கே வந்து ஏவுகணைத் திட்டத்தை ஏற்றார். எழுபதில் குடியரசுத் தலைவர். 2007-ல் அந்தப் பதவி முடிந்ததும் மாணவர்களிடம் திரும்பினார். 2015-ல் ஷில்லாங்கில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே இறந்தார். மூன்று நான்கு தரம் கடல் மாறியவர். பறக்கும் பொருள் பற்றிய அறிவும், பெரிய கூட்டத்தை ஒரே வேலையில் கட்டி இழுக்கும் பழக்கமும்தான் அவர் கூடவே தூக்கிச் சென்றது.

இருபதுகளில்: சம்பளத்தைவிட எதைப் பார்ப்பது

இருபத்திரண்டு வயதில் கையில் காசு இருக்காது, உடம்பில் தெம்பும் முன்னால் காலமும் நிறைய இருக்கும். இந்த வயதில் இரண்டு வேலைக்கு நடுவில் தேர்வு செய்ய வேண்டியிருந்தால், இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்தைவிட, எங்கே கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது என்று பார்ப்பது லாபம். இந்த வயதில் கற்றது நாற்பது வருடம் திருப்பித் தரும். ஐம்பத்தைந்தில் கற்றது ஐந்து வருடம்தான் தரும்.

நம் மாவட்டத்தில் இருபதுகளின் பெரிய கேள்வி அரசுத் தேர்வு. குரூப் 4-க்கு என் கடையில் விண்ணப்பம் போடாத வீடு குறைவு. அதை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நாம் கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்புதான் வாய்ப்புச் செலவு. தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். வேறு வேலைக்கே போகாமல் ஏழு வருடம் படித்தால், அந்த ஏழு வருடச் சம்பளமும், அதைவிட முக்கியமாக ஏழு வருட அனுபவமும் அதன் செலவு. பில் யாரும் கொடுப்பதில்லை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என் அபிப்பிராயம்: முழு நேரமாக இரண்டு வருடம் படிக்கலாம். அதற்குப் பிறகு ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதலாம். படிக்கும்போதே டைப்ரைட்டிங் முடித்து வைப்பவர்களுக்குத் தட்டச்சர் பணியிடங்களுக்கும் கதவு திறக்கிறது. தேர்வு கைகொடுக்காவிட்டாலும் விரல் பழகியது வீணாகாது.

பச்சை மீனும் கருவாடும்

இனி பணம். இதில்தான் நான் நிறைய வயிற்றெரிச்சல் பட்டிருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உழைப்பு பச்சை மீன். இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்கு இல்லை. இன்றைய உழைப்பை எடுத்து வைத்து எழுபது வயதில் உழைக்க முடியாது. அதனால் உழைப்பில் ஒரு பகுதியை உப்புப் போட்டு வெயிலில் காய வைத்துக் கருவாடாக்க வேண்டும். அந்தக் கருவாடுதான் சேமிப்பு. மனித மூலதனம் தேயத் தேய, அது பண மூலதனமாக மாறிக்கொண்டே வர வேண்டும்.

இதில் காலத்தின் பங்கு பெரியது. மாதம் 1,000 ரூபாயை 25 வயதிலிருந்து 60 வரை ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் போட்டால், நாம் கட்டியது 4.2 லட்சம், கையில் வருவது சுமார் 23 லட்சம். அதையே 35 வயதில் தொடங்கினால் கட்டியது 3 லட்சம். வருவது சுமார் 9.5 லட்சம்தான். பத்து வருடத் தாமதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வட்டிக்கும் வட்டி சேரும் இந்த முறைக்குப் பெயர் கூட்டு வட்டி. தொடக்க வருடங்களில் அது ஒன்றும் செய்வதாகவே தெரியாது. கடைசி பத்து வருடத்தில்தான் உருவம் காட்டும்.

சரி, பி.எஃப்.புக்கு வருகிறேன். மாதச் சம்பளத்தில் 12 சதவீதம் நம்மிடம் பிடிக்கிறார்கள். முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார். அவர் போடுவதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. மொத்தம் பத்து வருடம் பணி சேர்ந்துவிட்டால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. அந்தப் பத்து வருடமும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலை மாறும்போது பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துக்கொண்டே வந்தால் போதும்.

நடப்பது என்ன? ஒருவர் கோயம்புத்தூரில் நான்கு வருடம், சென்னையில் மூன்று வருடம், திருப்பூரில் ஐந்து வருடம் வேலை பார்த்தார். ஒவ்வொரு தடவை வேலையை விட்டு வந்தபோதும் "எல்லாத்தையும் எடுத்துருங்கண்ணே" என்றார். பி.எஃப். தொகைக்குப் படிவம் 19, ஓய்வூதியப் பணத்துக்குப் படிவம் 10சி. முதல் தடவை நானே போட்டுக்கொடுத்தேன்; அப்போது எனக்கும் இவ்வளவு விவரம் தெரியாது. தங்கச்சி கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று பணம் கரைந்தது. ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். மூன்று தடவையும் எடுத்ததால் பன்னிரண்டு வருடம் உழைத்தும் அவருக்கு ஓய்வூதியத் தகுதி பூஜ்யம். சேர்த்துக்கொண்டே வந்திருந்தால்? சம்பளம் × பணி வருடம் ÷ 70 என்பதுதான் கணக்கு. 15,000 ரூபாய் அடிப்படையில் பன்னிரண்டு வருடத்துக்கு மாதம் 2,571 ரூபாய், ஆயுள் முழுக்க. பெரிய தொகை இல்லை. ஆனால் எழுபது வயதில் மாத்திரைக்கு மகனிடம் கை நீட்டாமல் இருக்க அது போதும்.

இப்போதெல்லாம் யாராவது "எல்லாத்தையும் எடுத்துருங்கண்ணே" என்றால், முதலில் ஒரு டீ சொல்லிவிட்டு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுகிறேன். அவசரம் என்றால் பி.எஃப். தொகையை எடுக்கட்டும். ஓய்வூதியப் பகுதியை எடுக்காமல், பணி வருடங்களுக்கான சான்றிதழை வாங்கி வைக்கவும் அதே 10சி படிவத்தில் வழி இருக்கிறது. பாதிப் பேர் கேட்கிறார்கள்.

கடல் தொழிலாளிக்கு இந்த பி.எஃப். கிடையாது. பங்குக்கு உழைப்பவருக்கு யார் பிடிப்பார்கள்? வருமான வரி கட்டாதவர்களுக்கு 2015-ல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டம் உண்டு; 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். அறுபதுக்கு மேல் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்ட வேண்டும். 40 வயதில் சேருபவர் கட்ட வேண்டியது 1,454 ரூபாய். மேலே சொன்ன கூட்டு வட்டியின் கதைதான் இதுவும்.

ஆக, கற்றதும் சேமித்ததும் இரண்டுமே சீக்கிரம் தொடங்கினால் அதிகம் தரும். வேலை மாறுவதில் நஷ்டமில்லை. மாறும்போது பழையதை அறுத்துவிட்டுப் போவதில்தான் நஷ்டம்.

நாற்பதைத் தாண்டும்போது: கையிலிருந்து வாய்க்கு

முப்பதுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை, கடன், பெற்றோரின் மருத்துவம் என்று எல்லாப் பாரமும் ஒன்றாக ஏறும் காலம். படகு கவிழாமல் ஓட்டினாலே பெரிய காரியம்.

நாற்பதைத் தாண்டும்போதுதான் காற்று திரும்பும். உடல் உழைப்பின் விலை இறங்கத் தொடங்கும். அனுபவத்தின் விலை ஏறும். ஆனால் அனுபவம் தானாகக் காசாகாது. அதற்கு வேலையின் வடிவம் மாற வேண்டும். செய்பவர் என்ற இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பவர், சரிபார்ப்பவர், விலை பேசுபவர் என்ற இடத்துக்கு நகர வேண்டும். சங்கு குளித்தவர் ஐம்பதில் சங்கின் தரம் பிரித்து வாங்கி விற்பவராக ஆகலாம். இருபது வருடம் விசைப்படகில் டிரைவராக இருந்தவர் கரையில் என்ஜின் வேலை பார்க்கலாம். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் காது அவரிடம் இருக்கிறது.

அந்த நகர்வு ஒரே நாளில் நடக்காது. நாற்பத்திரண்டில் பில் போடக் கற்றுக்கொண்டால்தான் ஐம்பதில் வியாபாரம். "இந்த வயசுல போய் படிக்கிறதா" என்று கூச்சப்படுபவர்கள் நிறையப் பேர். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 2010-ல் கடல் விரால் மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது அங்கேதான். கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் முறையைக் கற்றுக்கொள்ள அங்கே போன மீனவர்களில் தலை நரைத்தவர்களும் உண்டு. முப்பது வருடம் மீனைத் துரத்தியவருக்கு, மீன் எப்போது தின்னும், எப்போது ஒதுங்கும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூண்டு கட்டுவதும் தீவனக் கணக்கும்தான் புதுசு.

தடைக்காலம்

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருக விடும் காலம். அந்த இரண்டு மாதமும் கரை சும்மா இருக்காது. படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகையைப் பார்த்து, பெயின்ட் அடித்து, என்ஜினை இறக்கிப் பிரித்து வைத்திருப்பார்கள். வருமானம் இல்லாத நாள்கள் என்பது உண்மை. ராத்திரி கடன்காரர் வந்து நிற்பதும் உண்மை. ஆனாலும் அந்த அறுபத்தொரு நாளை "அவனுக்குத் தொழில்ல கேப் விழுந்துருச்சு" என்று யாரும் சொல்வதில்லை.

பெண்களுக்கு மட்டும் அப்படிச் சொல்கிறோம். நர்சிங் முடித்த ஒரு பெண் இரண்டு குழந்தைகளுக்காக ஆறு வருடம் வீட்டில் இருந்தார். திரும்ப வேலைக்கு விண்ணப்பம் போட வந்தபோது, "ஆறு வருஷமா சும்மா இருந்துட்டேண்ணே" என்றார். ஆறு வருடம் சும்மா இருந்தவர் யாருமில்லை. ஆனால் மருத்துவமனை பார்ப்பது வேறு. நர்சிங் கவுன்சில் பதிவு உயிரோடு இருக்கிறதா, புதிய கருவிகள் தெரியுமா, ராத்திரிப் பணிக்கு வருவாரா. தேய்மானம் இங்கேயும் நடந்திருக்கிறது. அதைச் சரி செய்ய அவர் மூன்று மாதம் ஒரு சின்ன மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்குப் போனார். இடைவெளியில் பதிவைக் காலாவதி ஆகவிடாமல் வைத்திருந்தால் அந்த மூன்று மாதமும் மிச்சம்.

சம்பள வேலையில் இருக்கும் பெண்கள் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 2017 முதல் சட்டம். அதைக் கேட்காமல் வேலையை விட்டுவிட்டு வருபவர்கள் இன்னும் என் கடைக்கு வருகிறார்கள்.

அறுபதுக்குப் பிறகு

மண்டபம் கரையில் வேப்ப மரத்தடியில் ஒரு பெரியவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பார். எழுபதுக்கு மேல் வயது. மகன்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். வெயில் ஏறும் வரை தைப்பார். அப்புறம் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார். வலை தைக்கத் தெரியாத பொடியன்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஊசி நுழைந்து, விரல் வளைந்து, முடிச்சு விழுவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. "எத்தனை வருஷமா தைக்கிறீங்கய்யா?" என்று கேட்டேன். "கடலுக்குப் போறத நிறுத்துனதுலேர்ந்து" என்றார். அதற்கு முன் அவரும் வலையைக் கூலிக்குத்தான் கொடுத்துத் தைத்திருக்கிறார்.

அறுபதுக்குப் பின் பலருக்கு வேலை தேவைப்படுவது காசுக்காக மட்டும் இல்லை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போக ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தையும் ஐம்பதுகளிலேயே தேடத் தொடங்கினால்தான் கிடைக்கும்.

போன வாரம் ஒரு அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். பாலிடெக்னிக்கா, கலைக் கல்லூரியா என்று இருவருக்கும் நடுவில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "எதுல சேத்தா செட்டில் ஆவான், சொல்லுங்க" என்றார் அப்பா. நான் பையனிடம், "உனக்கு எது கைவருதுப்பா?" என்றேன். அவன் அப்பாவைப் பார்த்துவிட்டு, வல்லத்தில் மோட்டார் மக்கர் செய்தால் தானே பிரித்துப் பார்ப்பேன் என்றான். "அது சரி, போன மாசம் பிரிச்சவன் இன்னும் மாட்டலையே" என்றார் அப்பா. மூன்று பேரும் சிரித்தோம். மெக்கானிக்கல் டிப்ளமோவுக்குப் படிவத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண் எல்லாம் போட்டு முடித்தால் கடைசியில் ஓடிபி. அது அப்பாவின் போனுக்குப் போயிருக்கிறது. போன் வல்லத்தில் இருக்கிறது. வல்லம் காற்று மாறுகிறது என்று அன்றைக்குக் காலையில்தான் வடகடல் பக்கம் போயிருக்கிறது.

"சாயங்காலம் வரேண்ணே" என்றான் பையன்.